கயிறு யார் கையில்?

"ஈரக்குலை நடுங்குது" என்பார்கள் நம் தாய்மார்கள். அச்சம் வந்தால் நடுங்குவது நெஞ்சு என்று சொல்லவில்லை, மூளை என்று சொல்லவில்லை; ஈரல் என்று சொன்னார்கள். உயிரின் வேர் எங்கே இருக்கிறது என்பதை ஏடு படிக்காத அந்த மக்கள் எப்படியோ கண்டு வைத்திருந்தார்கள்!

அந்த ஈரலைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறோம். உரிமையும் ஊதியமும் பேசுகிற இந்தப் பகுதியில் ஈரலுக்கு என்ன இடம் என்று தோழர்கள் கேட்கலாம். இடம் இருக்கிறது, தோழர்களே! தூத்துக்குடித் துறைமுகத்திலே கண்டெய்னருக்கும் லாரிக்கும் நடுவில் நின்று உழைப்பவனுக்கு, நிலக்கரி இறக்குபவனுக்கு, உப்பளத்திலே வெயிலில் வெந்து வரப்பு மிதிப்பவனுக்கு, கடலடியில் சங்கு குளிப்பவனுக்கு — இவர்கள் எல்லோருக்கும் உடலே முதல். வேறு முதல் கிடையாது. அந்த முதலிலே ஒரு பகுதி அழிந்தால், அதை மீட்கும் வழி விஞ்ஞானத்திடம் இருக்கிறதா, இருந்தால் அது உழைப்பாளிக்கு எட்டுகிறதா என்று கேட்பது அரசியல் அல்லாமல் வேறென்ன?

வலது விலா எலும்புகளின் அடியிலே பதுங்கியிருக்கிறது கல்லீரல். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. உண்ட உணவைப் பிரித்துச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது, பித்தநீர் சுரப்பது, இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்வது என்று நூற்றுக்கணக்கான வேலைகளை அந்த ஓர் உறுப்பே பார்க்கிறது. சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தைச் சுத்தம் செய்ய எந்திரம் உண்டு. ஈரலின் வேலை அத்தனையையும் ஆண்டுக்கணக்கில் ஏற்று நடத்தும் எந்திரம் இன்றுவரை உலகில் இல்லை!

கத்தி வைக்க அஞ்சிய உறுப்பும் இதுதான். காரணம் இரத்தம். நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் இதற்குள் பாய்கிறது. இதயத்திலிருந்து வரும் தமனி ஒரு வழி. குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை மற்றொரு வழி. வரத்திலே முக்கால் பங்கு இந்த இரண்டாம் வழியில்தான். ஈரலோ மிருதுவானது. தையல் போட்டால் நூலே அறுத்துக்கொண்டு வரும். நீர் நிறைந்த பஞ்சை வெட்டினால் எப்படியோ, அப்படித்தான் பழைய நாளில் ஈரலை வெட்டியது. வெட்டிய டாக்டரின் கண்ணெதிரே நோயாளி இரத்தம் சிந்தியே மாண்டான்.

1908: இரண்டு துறைமுகங்கள்

1908-ஆம் ஆண்டை நம்மில் யார் மறக்க முடியும்? தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்திய ஆண்டு! வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று, அந்த மார்ச்சிலேயே சிறைப்பட்ட ஆண்டு!

அதே 1908-இல், கப்பல் கட்டும் தொழிலுக்குப் பேர்போன கிளாஸ்கோ நகரத்திலே பிரிங்கிள் என்ற டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடிபட்டு ஈரல் கிழிந்து மருத்துவமனைக்கு வருவோரை என்ன செய்வது என்பது அவர் கேள்வி. ஈரலுக்குள் இரத்தம் போகும் இரு வழிகளும் ஒரே காம்புக்குள் சேர்ந்துதான் நுழைகின்றன. அந்தக் காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து நெரித்தால் இரத்த வரத்து நிற்கும். நின்ற வேளையில் காயத்தைத் தைக்கலாம் — இதுதான் அவர் சொன்னது. அவர் அறுவை செய்தவர்கள் பிழைக்கவில்லை. ஆனால் அவர் கண்ட வழி பிழைத்தது! இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் ஈரலை அறுத்தாலும், "பிரிங்கிள் பிடி" என்ற அந்தப் பிடி அறுவைக்கூடத்தில் தயாராக இருக்கிறது.

பிடியைப் போட்டுக்கொண்டே இருக்கவும் முடியாது. இரத்தம் போகாத ஈரல் மூச்சுப் போகாத மனிதனைப் போன்றது. ஆகவே பதினைந்து நிமிடம் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி பிடிப்பது இன்று வழக்கமான முறை. இதைப் புரிந்துகொள்ள நம் கரையோர மக்களுக்கு மருத்துவப் புத்தகம் வேண்டாம். முத்துக் குளித்தவர்களின் வாரிசுகள் அல்லவா! காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலோ கீழோ கடலடியில் சிப்பி பொறுக்கி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி மூழ்குவான் குளியாளி. அடக்கிய மூச்சின் அளவுக்குள் வேலை முடிய வேண்டும். டாக்டரின் கத்திக்கும் அதே விதி!

காம்பை நெரித்தாலும் ஒரு வாசல் திறந்தே கிடக்கும். ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் சிரைகள் பெரிய சிரையோடு சேரும் இடம் அது. அங்கிருந்து இரத்தம் பின்னோக்கிப் பாயும். இதை அடக்குபவர் கத்தி பிடித்தவர் அல்ல, தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டர். அறுக்கும் நேரத்தில் உடலுக்குள் ஏற்றும் திரவத்தைக் குறைத்து, சிரையின் அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கிறார் அவர். அழுத்தம் தாழ்ந்தால் கசிவும் தாழும். பேர் ஒருவருக்கு, வேலை பலருக்கு!

வரைபடம் கிடைத்தது

இரத்தத்தை நிறுத்தினால் மட்டும் போதுமா? எங்கே வெட்டுவது? வெளியே பார்த்தால் ஈரல் ஒரே தசைக்கட்டி. கடலும் மேலே பார்த்தால் ஒரே நீர்ப்பரப்புத்தான். தொலாயிரம் பார் எங்கே தொடங்குகிறது, வெறும் மணல் எங்கே கிடக்கிறது என்பது குளியாளிக்கல்லவா தெரியும்! ஈரலுக்குள்ளும் அப்படிப்பட்ட பார்கள் உண்டு என்று கண்டறிந்தவர்களில் ஒருவர், அடிமைப்பட்டுக் கிடந்த ஆசிய நாடு ஒன்றில் பிறந்தவர். வியட்நாமியர், பெயர் தோன் தாட் துங். 1930களில் ஹனோய் நகரத்துப் பிணக்கிடங்கிலே இருநூறுக்கு மேற்பட்ட ஈரல்களைப் பிரித்து, உள்ளே ஓடும் குழாய்களின் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று வரைந்தார். விலையுயர்ந்த கருவி அவரிடம் இல்லை. விரலால் ஈரல் தசையை நசுக்கினார். தசை நொறுங்கும், குழாய் மட்டும் எஞ்சி நிற்கும். அதைக் கட்டி அறுத்தார். பின்னாளில் பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்து அவர் நாடு போராடியபோது, அந்தப் போரின் காயங்களுக்கும் மருந்திட்ட கை அது!

1952-இல் பாரிஸ் நகரத்து லோர்தா ஜாக்கோப், குழாய்களை முதலில் கட்டிவிட்டு வலது ஈரலை முறைப்படி அகற்றிக் காட்டினார். 1957-இல் குய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் ஈரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்து எண்ணிட்டார். ஒவ்வொரு கூறுக்கும் தனியே இரத்தம் வரும் வழி, தனியே பித்தம் போகும் வழி. ஆகவே நோயுற்ற கூறை எடுத்துவிட்டு, அண்டைக் கூறை உயிரோடு விட்டுவிடலாம். இன்றைய ஈரல் அறுவை முழுவதும் இந்த எட்டின் மேல் எழுந்த கட்டடம்.

படம் இருந்தால் போதாது, வழிகாட்டியும் வேண்டும். நம் விசைப்படகுகளிலே மீன் பார்க்கும் எக்கோ கருவி இருக்கிறதே, ஒலியை நீருக்குள் அனுப்பி அது திரும்பி வருவதைக் கொண்டு அடியில் இருப்பதைச் சொல்கிற கருவி, அதே தத்துவத்தில் அமைந்த சிறு கருவியைத் திறந்த ஈரலின் மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள். கட்டி எங்கே, அதையொட்டி ஓடும் குழாய் எங்கே என்று திரையில் தெரிகிறது. ஜப்பானியர் மகூச்சி இதை ஈரல் அறுவையில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். வயிற்றில் சிறு துளைகள் இட்டு, காமிராவை உள்ளே விட்டு ஈரலை அறுக்கும் முறை 1990களில் தொடங்கி வளர்ந்தது. பெரிய வெட்டில்லை, தொழிலாளி விரைவில் எழுந்து நடக்கிறான். ஆனால் எல்லாக் கட்டிக்கும் அது பொருந்தாது. எதற்குப் பொருந்தும் என்று அறிவதும் கைத்திறனே!

மூன்றில் ஒரு பங்கு

வெள்ளையர் காலத்து முத்துச் சலாபத்திலே பங்கு பிரித்த விதத்தைத் தோழர்கள் கேட்டிருப்பார்கள். எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவனுக்கு ஒரு பங்கு! ஈரலிலும் இந்தக் கணக்கு வருகிறது, விந்தை பாருங்கள். நல்ல ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், எஞ்சிய ஒரு பங்கு உயிரைக் காக்கும். காப்பதோடு நில்லாமல், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வளர்ந்து பழைய பருமனை நெருங்கும். உடலின் உள்ளுறுப்புகளில் வேறெதற்கும் இந்த அளவுக்கு இந்த ஆற்றல் இல்லை.

ஆனால் அது நல்ல ஈரலின் கதை. சாராயத்தால் சுருங்கிய ஈரல், பி வகைக் காமாலைக் கிருமியால் தழும்பேறிய ஈரல், கொழுப்பு மண்டிய ஈரல் ஆகியவற்றிடம் ஒரு பங்கை வைத்துக்கொண்டு பிழை என்றால் பிழைக்காது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருக்கும், தையல் சுத்தமாக இருக்கும், இரத்தக் கசிவும் இராது. ஆனாலும் சில நாள்களில் கண் மஞ்சளாகி, நினைவு தடுமாறி, நோயாளி போய்விடுவான். எஞ்சிய ஈரல் போதவில்லை! ஈரல் அறுவையின் பெரும் சிக்கல் இன்று வெட்டுவதில் இல்லை, விட்டு வைப்பதில் இருக்கிறது.

இதற்கும் வழி கண்டார்கள். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் மறு மடைக்குத் தண்ணீர் கூடுதலாகப் பாயும் அல்லவா? எடுக்கப்போகும் பாதிக்குச் செல்லும் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்துவிட்டு, சில வாரம் காத்திருக்கிறார்கள். இரத்தம் முழுவதும் மறு பாதிக்குப் பாய்கிறது, அது பருக்கிறது. பருத்தபின் வெட்டுகிறார்கள். 1980களில் மகூச்சி வகுத்த வழி இது. காத்திருக்க நேரமில்லாதவர்களுக்காக, ஈரலை முதலில் பிளந்து, ஓரிரு வாரத்தில் மறுபடி திறந்து எடுக்கும் இரண்டு கட்ட அறுவையை 2012-இல் ஜெர்மானிய டாக்டர்கள் வெளியிட்டார்கள். வேகம் அதிகம், தொடக்கத்தில் சாவும் அதிகம். யாருக்கு அதைச் செய்யலாகாது என்று கற்றபிறகே அந்த முறை ஒழுங்குக்கு வந்தது. முன்னேற்றம் என்பது இப்படித்தான். விலை கொடுக்காமல் வந்ததில்லை.

விலை கொடுத்தவர்களில் முதல்வர்கள் மாற்று அறுவைக்கு உட்பட்டவர்கள். 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரிலே ஸ்டார்சல் என்ற டாக்டர் ஒரு குழந்தைக்கு இறந்தவரின் ஈரலைப் பொருத்த முயன்றார். இரத்தம் நிற்கவில்லை, குழந்தை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்தவர்களும் பிழைக்கவில்லை. நிறுத்தினார், ஆராய்ந்தார், 1967-இல் மீண்டும் தொடங்கினார். அப்போது ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தபின், பிறர் உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்க முடிந்தது. 1989-இல் ஆஸ்திரேலியாவிலே தாயின் ஈரலில் ஒரு துண்டு பிள்ளைக்குப் பொருந்தி உயிர் தந்தது.

தமிழனும் இதில் பின்தங்கவில்லை. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூரில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே படித்த முகமது ரேலா, 1997-இல் லண்டனில் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் பொருத்தி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 1998-இல் இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்ட வெற்றிகரமான முதல் ஈரல் மாற்று, காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு நடந்தது. தந்தை ஈரல் தந்தார். நடந்த இடமோ டில்லி! இன்று சென்னையிலே ஸ்டான்லியிலும், அரசுப் பொது மருத்துவமனையிலும் ஈரல் மாற்று அறுவை நடைபெற்றிருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து டில்லிக்கு ஓடிய காலம் போய், மாநிலத்துக்குள்ளேயே, அதுவும் அரசு மருத்துவமனையிலேயே முடியும் என்ற காலம் வந்திருக்கிறது. இதை நாம் மகிழ்ந்து சொல்கிறோம்.

தூத்துக்குடிக்கு என்ன?

மகிழ்ந்து சொல்லிவிட்டு, கேட்கவும் செய்கிறோம். தூத்துக்குடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். துறைமுகத்தில் பாரம் சரிந்து ஒருவன் வயிற்றில் விழுகிறது, ஈரல் கிழிகிறது. அவனுக்கு 600 கிலோமீட்டர் ஏது? அவன் கையில் இருப்பது மணிக்கணக்கு.

இங்கேயும் விஞ்ஞானம் வழி சொல்லியிருக்கிறது, அதுவும் எளிய வழி! அடிபட்டு ஈரல் கிழிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்று கத்தியே வேண்டாம். நாடியும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால், ஸ்கேன் எடுத்துப் பார்த்து, படுக்கவைத்து, கண்ணிமைக்காமல் கவனித்தால் தானே ஆறும். நிலை சரிந்தால் வயிற்றைத் திறந்து, துணிப்பட்டைகளை ஈரலைச் சுற்றி அழுத்தித் திணித்து, கசிவை நிறுத்தி, உயிரைக் காத்து, ஓரிரு நாள் கழித்துப் பெரிய மருத்துவமனையில் மீதியை முடிக்கலாம். இதற்கு வேண்டியது கோடி ரூபாய் எந்திரம் அல்ல. இரவும் பகலும் இயங்கும் ஸ்கேன், நிறைந்த இரத்த வங்கி, பழகிய கை — இவை மூன்றும் போதும். 2000-இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது தூத்துக்குடியிலே. அங்கே இந்த மூன்றும் எந்த இரவிலும் குறையாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா?

மாற்று அறுவைக்கு வருவோம். உயிரோடு இருப்பவர் ஈரல் தருவது பெருமைதான். ஆனால் அது விளையாட்டல்ல. தந்தவர் இறந்த நிகழ்ச்சிகளும் உலகில் உண்டு. பிழைத்தாலும் இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்கலாகாது. மூட்டை தூக்கிப் பிழைப்பவன் அண்ணனுக்கு ஈரல் தந்துவிட்டு, பிள்ளைகளுக்கு என்ன தருவான்? இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவனுக்கு நோய்க்கால உதவி உண்டு, உப்பளத்து நாட்கூலிக்கு? ஆகவேதான் மூளைச்சாவு அடைந்தவர் உறுப்புகளைக் குடும்பத்தார் தரும் முறை உழைப்பாளிக்கு உற்ற முறை என்கிறோம். 1994-இல் சட்டம் வந்தது. உறுப்பை விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றமாயிற்று. 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவுற்ற தங்கள் மகனின் உறுப்புகளை மனமுவந்து அளித்தபோது தமிழகமே கண்கலங்கி விழித்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தந்து மறைபவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல மரபு!

எடுத்த ஈரல் பனிப்பெட்டியில் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரந்தான் தாங்கும். அதற்கு முன்னரே பொருத்துவது நலம். பனியில் உறங்க வைக்காமல், உடற்சூட்டிலேயே இரத்தம் ஓடவிட்டு ஈரலை உயிர்ப்போடு வைத்திருக்கும் எந்திரத்தை ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் ஆக்கினார்கள். 2013-இல் அதில் வைத்த ஈரல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஒரு நாள் வரையிலும் அதில் வைக்கலாம். தொலைவில் கிடக்கும் தென்மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது? தலைநகருக்கு அடுத்தபடி, தென்கோடிக்கு அருகே அரசின் ஈரல் அறுவைப் பிரிவு ஒன்று நிறைவாக வளர வேண்டும். காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் தமிழகத்தில் உண்டு. ஈரல் மாற்றும் அதில் அடங்கும். ஆனால் அறுவைக்குப் பின் வாழ்நாளெல்லாம் மாத்திரை, அடிக்கடி சோதனை, துணைக்கு ஒருவர், அவர் இழக்கும் கூலி — இந்தக் கணக்கையும் யாராவது போட வேண்டாமா?

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? முடியாது. கத்தி படாமல் காக்கப்படும் ஈரலே சிறந்த ஈரல். பி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. 2011-இலிருந்து நாடெங்கும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். நம் பிள்ளைக்குப் போட்டோமா? சி வகைக்குப் பன்னிரண்டு வார மாத்திரையிலேயே தீர்வு உண்டு. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம். சோதனை செய்துகொண்டோமா? காமாலை என்றால் கீழாநெல்லி என்று நின்றுவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானே தீரும். பேர் கீழாநெல்லிக்குப் போகும்! பித்தக்குழாய் அடைத்தோ, கட்டி வளர்ந்தோ வந்த காமாலைக்கு அதையே நம்பிக் கிடந்தால், டாக்டரிடம் போகும்போது அறுக்கும் காலம் கடந்திருக்கும். மஞ்சள் ஒன்றுதான்; நோய் பல. இரத்தச் சோதனையால்தான் பிரித்தறிய முடியும்.

குடியைப் பற்றி உபதேசம் செய்ய நாம் வரவில்லை. உடம்பு வலிக்குக் குடிக்கிறேன் என்று சொல்லும் தோழனின் உடம்பு வலி உண்மை என்பதை அறிவோம். ஒன்று மட்டும் சொல்கிறோம்: கெட்டுக்கொண்டிருக்கும் ஈரலும், குடியை நிறுத்தினால் வியக்கத்தக்க அளவு மீளும். அந்த மருந்தை விற்பதற்குக் கடையில்லை. அதனால் விளம்பரமும் இல்லை!

குளியாளி கடலில் இறங்கும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவான் என்பது நம் கரையின் வழக்கு. தங்கை தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான்! குளிப்பவனின் திறமை எவ்வளவு பெரிதாயிருந்தாலும், கயிறு இழுபடுவது கண்டு தூக்குகிற கை இல்லையென்றால் அவன் கதி கடலடிதான். பிரிங்கிள் முதல் ரேலா வரை நூறாண்டுக்கு மேல் மூழ்கி எடுத்த முத்து இந்த ஈரல் அறுவை. திறமைக்குக் குறைவில்லை. கயிறு பிடிக்கும் கை அரசும், சமுதாயமும், தொழிற்சங்கமும் ஆகும்.

இந்த மாதம் கூடும் சங்கக் கூட்டங்களில் மூன்று தீர்மானங்கள் வரட்டும். ஒன்று, அரசு மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேனும் இரத்தமும் உறுதி செய்யக் கோரிக்கை. இரண்டு, உறுப்பினர் அனைவருக்கும் பி, சி வகைக் காமாலைச் சோதனை முகாம். மூன்று, உறுப்புக் கொடைக்குக் குடும்பத்தோடு பேசி ஒப்புதல். முதல் தீர்மானம் அரசின் கையில்; மற்ற இரண்டும் நம் கையில். கயிறு நழுவாமல் பார்த்துக்கொள்வோம்!